மலைப்பாதையில் ஒரு மோதல்: கற்பனைச் சாகச ஆட்டத்துக்குப் போர் வரைபடம் வரைவது எப்படி?

ரோல்பிளேயிங் ஆட்டம் பெரும்பாலும் பேச்சிலேயே நடப்பது. ஒருவர் கதையை நடத்துகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, அந்தக் கதைக்குள் தாங்கள் செய்வதைச் சொல்கிறார்கள். முடிவு இப்படியும் போகலாம், அப்படியும் போகலாம் என்ற நிலை வரும்போது பகடை உருட்டப்படுகிறது. சந்தையில் துப்பு விசாரிப்பதற்கும், சத்திரத்தில் இரவு தங்குவதற்கும், ஊர்த் தலைவரிடம் பேரம் பேசுவதற்கும் வாய்ச்சொல்லே போதும். சண்டை தொடங்கியதும்தான் சிக்கல் எழுகிறது. "பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறேன்" என்று ஒருவர் சொல்லும்போது, அந்தப் பாறை வண்டிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, எதிரி வில்லாளிக்கு அது தெரியுமா தெரியாதா, அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்பதில் ஐந்து பேர் மனத்தில் ஐந்து படங்கள் ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஐந்தையும் ஒன்றாக்கி எல்லார் முன்னும் விரித்து வைக்கும் தாள்தான், ஆடுபவர்கள் பேட்டில் மேப் என்று சொல்லும் போர் வரைபடம்.

சண்டை நடக்கும் சிறிய நிலப்பரப்பை மேலிருந்து பார்ப்பதுபோல் கட்டங்களுக்குள் வரைந்து, அதன்மீது காய்களை நகர்த்தும்படி அமைப்பதே இதன் அடிப்படை. இதற்கு ஓவியத் திறமை வேண்டும் என்று எண்ணிப் பலர் தயங்கிவிடுகிறார்கள். உண்மையில் இதற்கு வேண்டியது அளவு பற்றிய தெளிவும், எதை வரைய வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்ற முடிவும் மட்டுமே. இக்கட்டுரையின் எடுத்துக்காட்டுகளைச் சேலத்திலிருந்தும் சேர்வராயன் மலையிலிருந்தும் எடுத்திருக்கிறேன். வளைந்து வளைந்து ஏறும் சாலை, காப்பித் தோட்டம், குகை, மூடுபனி, வெட்டியெடுத்த வெள்ளைக்கல் குழி, மலைக்கோட்டை ஆகிய எல்லாமே ஒரே மாவட்டத்துக்குள் கிடைக்கும்போது, தாமே சாகசக் கதை எழுதும் சேலத்துக்காரர்கள் எங்கோ இருக்கும் பனிமலைக் கோட்டைகளைக் கடன் வாங்கத் தேவையில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் அளவு. இந்திய நில அளவைத் துறையின் நிலவரைபடத் தாள்கள் 1:50,000 என்ற அளவில் அமைந்தவை. தாளில் இரண்டு சென்டிமீட்டர் என்பது தரையில் ஒரு கிலோமீட்டர். அந்தத் தாளில் ஏற்காட்டுச் சாலை மெல்லிய கோடாகத்தான் தெரியும். 1824ஆம் ஆண்டு பிரஷ்ய இராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் வெளியிட்ட கிரீக்ஷ்பீல் என்னும் போர்ப் பயிற்சி ஆட்டம் 1:8,000 அளவுள்ள வரைபடங்களில் ஆடப்பட்டது. அங்கே ஒரு சென்டிமீட்டர் என்பது எண்பது மீட்டர், ஒரு காய் என்பது ஒரு படைப்பிரிவு. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி 1974இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டம் இத்தகைய போர் ஆட்டங்களின் வழியில் வந்ததுதான். ஆனால் அதில் ஒரு காய் ஒரே ஒரு ஆளாகிவிட்டது. இன்று அந்த ஆட்டத்தில் வழக்கமாகப் பயன்படும் அளவு, ஓர் அங்குலக் கட்டத்துக்கு ஐந்து அடி நிலம், அதாவது 1:60. இந்த அளவில் ஒரு மரத்தின் அடிப்பகுதியும், ஒரு கதவும், ஒரு மாட்டுவண்டியும் தனித்தனியாகத் தெரியும். ஆகவே போர் வரைபடம் வரைபவர் ஒரு நாட்டையோ மலையையோ வரைவதில்லை. கூப்பிட்டால் காது கேட்கும் தூரத்துக்குள் அடங்கும் ஓர் இடத்தை மட்டுமே வரைகிறார். தொடக்கத்தில் பலரும் முழுக் காட்டையும் ஒரே தாளில் அடக்கப் பார்ப்பதுண்டு. அது பயணத்துக்கு உதவும் வரைபடமாகுமே தவிர, சண்டைக்கு உதவாது.

ஐந்தடிக் கட்டம் என்பதை ஒப்புக்கொண்டால் மற்ற எண்கள் தாமாகவே வந்து சேரும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிகளின்படி சண்டையின் ஒரு சுற்று ஆறு விநாடி. சாதாரண மனிதப் பாத்திரம் அந்த ஆறு விநாடியில் முப்பது அடி, அதாவது ஆறு கட்டம் நகரலாம். தாக்குவது போன்ற தன் செயலை அந்தச் சுற்றில் விட்டுக்கொடுத்து ஓட்டமாக ஓடினால் பன்னிரண்டு கட்டம். மனித உருவத்துக்கு ஒரு கட்டம், குதிரைக்கு இரண்டுக்கு இரண்டு, யானைக்கு மூன்றுக்கு மூன்று. வேறு விதித்தொகுதிகளை வைத்து ஆடுபவர்கள் மீட்டர் கணக்கில் அளப்பதுண்டு. அப்போது ஒரு கட்டம் ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால் இங்கே சொல்லப்படும் எதுவும் மாறாது.

இந்த எண்களை முன்னால் வைத்துக்கொண்டு தாளைப் பாருங்கள். ஓர் ஏ4 தாளின் அளவு 210க்கு 297 மில்லிமீட்டர். ஓர் அங்குலக் கட்டமாகப் பிரித்தால் அகலத்தில் எட்டும் நீளத்தில் பதினொன்றும்தான் முழுதாகக் கிடைக்கும். ஒருவர் ஒரே சுற்றில் ஆறு கட்டம் நடந்துவிடுவார் என்றால், அந்தத் தாளின் பாதிக்கு மேல் ஒரே மூச்சில் கடந்துவிடுவார். தீக்கோள மந்திரத்தின் வீச்சு எல்லாத் திசையிலும் இருபது அடி. விட்டம் நாற்பது அடி, எட்டுக் கட்டம். ஒரே மந்திரம் தாளின் முழு அகலத்தையும் விழுங்கிவிடும் இடத்தில் ஒளிவதற்கும் சுற்றி வளைப்பதற்கும் என்ன வேலை இருக்க முடியும்? எனவே பூட்டிய அறை, கிணற்றடி போன்ற நெருக்கமான மோதல்களுக்கு மட்டும் ஏ4 தாளை வைத்துக்கொண்டு, மற்றவற்றுக்குப் பள்ளிப் பொருள் கடைகளில் கிடைக்கும் சார்ட் பேப்பரை எடுத்துக்கொள்வது நல்லது. அது ஏறத்தாழ 22க்கு 28 அங்குலம் இருக்கும். அதாவது 22க்கு 28 கட்டம். தரையில் 110க்கு 140 அடி. ஒரு சிற்றூர்த் தெருமுனைக்கும், ஒரு கோட்டை வாசலுக்கும், மலைச்சாலையின் ஒரு வளைவுக்கும் இது போதுமான இடம்.

இனி, எதை வரைவது என்ற கேள்வி. இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்பும் முதன்மையான செய்தி இங்கேதான் இருக்கிறது. போர் வரைபடத்தில் இடம்பெறும் ஒவ்வொரு கோடும், ஆடுபவர் என்ன செய்யலாம் என்பதை மாற்ற வேண்டும். இங்கே நடக்க முடியுமா, நடந்தால் வேகம் குறையுமா, இதற்கு அப்பால் பார்க்க முடியுமா, இதன் பின்னால் நின்றால் அம்பு படாமல் தப்பலாமா, இது எவ்வளவு உயரம், இங்கிருந்து விழுந்தால் என்ன ஆகும் என்னும் கேள்விகளில் ஒன்றுக்காவது விடை சொல்லாத கோட்டை நீக்கிவிடலாம். நம் ஊர்களில் கோயில் மண்டபத் தரையிலும் பாறையிலும் செதுக்கியிருக்கும் ஆடுபுலி ஆட்டக் கட்டத்தை நினைத்துப் பாருங்கள். அதில் காடும் இல்லை, மேய்ச்சல் நிலமும் இல்லை. ஒன்றையொன்று வெட்டும் சில கோடுகளும், அவை சந்திக்கும் புள்ளிகளும் மட்டுமே உண்டு. ஆயினும் மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் அங்கே இறங்கிவிட்டால், எந்தப் புள்ளியில் நின்றால் பாய்ச்சலுக்கு இடமிருக்கும், எந்தப் புள்ளியை அடைத்தால் புலி முடங்கும் என்பதெல்லாம் கண்முன் விரிந்துவிடுகிறது. அந்தக் கோடுகளை வகுத்தவர் எவராக இருந்தாலும், போர் வரைபடத்தின் நுட்பத்தை முழுமையாக அறிந்தவர்.

இதை ஓர் எடுத்துக்காட்டால் நிறுத்தி விளக்குகிறேன். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அப்படிப்பட்ட ஒரு வளைவை நம் கற்பனை நாட்டின் வண்டிப்பாதையாக வைத்துக்கொள்வோம். மிளகு மூட்டை ஏற்றிய இரண்டு மாட்டுவண்டிகளைப் பாத்திரங்கள் காவல் காத்து மேலே கொண்டுசெல்கிறார்கள். மேல்சரிவில் கொள்ளையர்கள் பதுங்கியிருக்கிறார்கள். சார்ட் பேப்பரை அகலவாக்கில் வைத்து, கீழிருந்து மேலாகக் கட்டங்களைப் பிரிப்போம்: கீழே பள்ளத்தாக்கில் இறங்கும் சரிவு நான்கு கட்டம், அதற்கு மேல் பாதையின் கீழ்க்கை (வளைவுக்கு முன்னுள்ள பகுதி) இரண்டு கட்டம், இரு கைகளுக்கும் இடையிலான சரிவு ஆறு கட்டம், பாதையின் மேற்கை (வளைந்து திரும்பிய மேல் பகுதி) இரண்டு கட்டம், அதற்கு மேல் காட்டுச் சரிவு எட்டுக் கட்டம். கூட்டினால் இருபத்திரண்டு. இடது ஓரத்திலிருந்து இருபது கட்ட நீளத்துக்குப் பாதை நேராகப் போய், வலப்பக்கம் மீதியுள்ள எட்டுக் கட்டத்துக்குள் வளைந்து திரும்புகிறது. உயரமும் சேர்த்துக்கொள்வோம். கீழ்க்கையின் இடது முனை சுழியம், வளைவு பத்து அடி, மேற்கையின் இடது முனை இருபது அடி.

இப்போது கணக்கைப் பாருங்கள். கீழ்க்கையின் இடது முனையில் நிற்கும் ஒருவர் தமக்கு நேர் மேலே, மேற்கையில் நிற்கும் எதிரியை அடைய வேண்டும் என்றால், பாதை வழியே போக இருபது கட்டமும், வளைவில் ஏறத்தாழ எட்டும், திரும்ப இருபதுமாக நாற்பத்தெட்டுக் கட்டம்; நடந்தால் எட்டுச் சுற்று, முழு ஓட்டமாக ஓடினால் நான்கு சுற்று. இடையிலுள்ள சரிவில் நேராக ஏறினால் ஆறே கட்டம். சரிவு கடினமான தரை என்று வைத்து இரட்டிப்பாகக் கணக்கிட்டால் பன்னிரண்டு. இரண்டே சுற்றில் மேலே போய்விடலாம், ஆனால் அந்த இரண்டு சுற்றும் வில்லாளியின் கண்ணெதிரே மறைப்பில்லாமல் ஏற வேண்டும். வண்டிகளோ சரிவில் ஏறவே முடியாது. அவை பாதை வழியேதான் போகும். ஆக, வண்டியோடு நிற்பதா, சரிவில் ஏறுவதா, இரண்டாகப் பிரிவதா என்ற கேள்வியை நடத்துபவர் வாய்திறந்து கேட்கத் தேவையில்லை. வரைபடத்தைப் பார்த்த உடனே ஆடுபவர்கள் தங்களுக்குள் அதைப் பேசத் தொடங்கிவிடுவார்கள். ஒரு வரைபடம் நன்றாக அமைந்ததா என்பதற்கு இதைவிடச் சிறந்த அடையாளம் எனக்குத் தெரியவில்லை.

இந்த எலும்புக்கூட்டின்மேல் சில பொருள்களைச் சேர்க்கலாம், சிலவற்றை மட்டும். சரிவின் நடுவே இரண்டு பெரிய பாறைகளை வைத்தால், ஏறுபவர் பாறைக்குப் பாறை தாவி மறைந்து மறைந்து போகலாம். பாதி உடல் மறைந்தால், தாக்குபவர் பகடையில் எட்ட வேண்டிய தற்காப்பு எண்ணோடு இரண்டும், முக்கால் பங்கு மறைந்தால் ஐந்தும் கூடும் என்பது விதி. மேற்கையின் ஓரத்தில் கருங்கல் தடுப்புச் சுவர் ஒன்று இருந்தால் கொள்ளையருக்கும் அதே வசதி கிடைக்கும். அந்தச் சுவர் ஓரிடத்தில் இடிந்திருந்தால், அந்த இடைவெளி இரு தரப்பும் குறிவைக்கும் இடமாகிவிடும். வளைவுக்கு அடியில் ஓடைநீர் போவதற்கான சிறிய மதகு ஒன்றை வைத்து, அதற்குள் தவழ்ந்து போனால் மேற்கையின் பின்பக்கம் வெளிவரலாம் என்று அமைத்தால், கூர்ந்து கவனிக்கும் ஆட்டக்காரருக்குப் பரிசு கிடைக்கும். மேல்சரிவில் மூன்று கட்டங்களில் வட்டமிட்டு, அங்கிருந்து உருட்டிவிடப்படும் பாறாங்கல் எந்த நேர்கோட்டில் இறங்கும் என்பதை நடத்துபவரின் குறிப்பில் எழுதிக்கொள்ள வேண்டும். பாதை விளிம்பிலிருந்து பள்ளத்தாக்கில் விழுந்தால் ஒவ்வொரு பத்து அடிக்கும் ஓர் ஆறுமுகப் பகடை அளவு காயம் என்ற விதி இருப்பதால், விளிம்பை ஒட்டிய கட்டங்களைத் தடித்த கோட்டால் காட்டுவது நியாயம். ஆபத்து எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஒருவர் பாத்திரத்தை இழப்பது நல்ல ஆட்டத்துக்கு அழகன்று.

இந்தச் சண்டையின் குறிக்கோள் என்ன என்பதையும் வரைபடத்திலேயே காட்டிவிடலாம். எல்லாரையும் வீழ்த்த வேண்டும் என்பதைவிட, இரண்டு வண்டிகளும் மேற்கையின் இடது ஓரத்தைத் தாண்ட வேண்டும் என்று வைத்தால் ஆட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும்.

உயரத்தைத் தட்டையான தாளில் காட்டுவதுதான் மலைப்பகுதி வரைபடங்களில் கடினமான பகுதி. நில அளவைத் தாள்களில் சம உயரக் கோடுகள் இருக்கின்றனவே, அவற்றைப் பெரிதாக்கிப் பயன்படுத்தலாமே என்று தோன்றலாம். ஆனால் 1:50,000 தாளில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையே இருபது மீட்டர் உயர வேறுபாடு. அடியில் சொன்னால் ஏறத்தாழ அறுபத்தைந்து. நம் கொண்டை ஊசி வளைவு முழுவதும் இரண்டு கோடுகளுக்கு நடுவே மறைந்துவிடும். எனவே அந்தத் தாள்களை, எந்த மலைமுகட்டிலிருந்து எந்தப் பள்ளத்தாக்கு தெரியும், ஊருக்கும் குகைக்கும் எவ்வளவு தூரம் என்பன போன்ற பயணக் கேள்விகளுக்கு வைத்துக்கொண்டு, போர் வரைபடத்தில் ஐந்தடிக்கு ஒரு கோடு என்று நாமே வரைய வேண்டும். அதைவிட எளிய முறை, சமதளமான ஒவ்வொரு பகுதியிலும் ஒரு மூலையில் அதன் உயரத்தை எண்ணாக எழுதிவிட்டு, உயரம் மாறும் இடத்தில் தாழ்ந்த பக்கத்தை நோக்கிச் சிறுகோடுகளை வரிசையாக இழுப்பது. ஏறக்கூடிய சரிவுக்குக் கோடுகளை இடைவெளி விட்டும், செங்குத்துக்கு நெருக்கமாகவும் இழுத்தால் விளக்கமே தேவைப்படாது. சாயம் தீட்டி மலையை மலைபோலவே காட்ட முயல்பவர்களை நான் தடுக்க மாட்டேன். அது அழகான வேலை. ஆனால் எண் எழுதாத அழகிய மலையில், "நான் எவ்வளவு உயரத்தில் நிற்கிறேன்?" என்ற கேள்வி ஒவ்வொரு சுற்றிலும் எழுந்துகொண்டே இருக்கும்.

காப்பித் தோட்டம் வேறு வகையான பாடத்தைத் தருகிறது. சேர்வராயன் மலையில் பெரிதும் பயிராகும் அராபிகா செடிகளை ஏறத்தாழ ஆறடி இடைவெளியில் நடுவது வழக்கம். அதாவது நம் அளவில் ஏறக்குறைய கட்டத்துக்கு ஒரு செடி. அவற்றின் மேலே நிழலுக்காகச் சில்வர் ஓக் மரங்கள் நெடுக நிற்க, அவற்றில் மிளகுக்கொடி படர்ந்திருக்கும். இதை உள்ளபடி வரைந்தால் தாள் முழுவதும் செடிகளாகி, கட்டம் எது என்றே தெரியாமல் போய்விடும். ஆகவே செடிகளைத் தனித்தனியாக வரையாமல், வரிசைகளை நீண்ட பட்டைகளாக வெளிறிய பச்சையில் தீட்டி, பட்டைக்குள் நடந்தால் வேகம் பாதி, குனிந்தால் பாதி மறைப்பு என்று ஒரு முறை சொல்லிவிட்டால் போதும். பட்டைகளுக்கு நடுவே ஒரு கட்ட அகலத்தில் நடைவழி விட வேண்டும். அந்த நடைவழிகளில் ஓடுபவருக்கு வேகம் உண்டு, மறைப்பு இல்லை. பட்டைக்குள் ஊர்பவருக்கு மறைப்பு உண்டு, வேகம் இல்லை. சில்வர் ஓக் மரங்களை மட்டும் ஐந்தாறு தடித்த வட்டங்களாக வரையலாம். அவை முழு மறைப்பு தருவதோடு, ஏறி நின்று வேவு பார்க்கவும் இடம் தருகின்றன.

மூடுபனி இந்த மலைக்கே உரிய செல்வம். அதை வரைபடத்தில் கொண்டுவர மை எதுவும் வேண்டாம். எட்டுக் கட்டம் வரை தெளிவாகத் தெரியும், அதற்கு மேல் உருவம் மட்டும் நிழலாகத் தெரியும், பன்னிரண்டுக்கு மேல் எதுவுமே தெரியாது என்று விதித்துவிட்டு, ஆடுபவர் யாருடைய பார்வைக்கும் எட்டாத பகுதிகளின் மேல் வெள்ளைத் தாள் துண்டுகளைப் பரப்பி வைத்தால், காய்கள் நகர நகரத் துண்டுகளை அகற்றிக்கொண்டே போகலாம். மூன்றாவது சுற்றில் காற்று வீசி எல்லாத் துண்டுகளும் ஒருசேர விலகும்போது, இருவர்தான் என்று எண்ணியிருந்த எதிரிகள் ஒன்பது பேராக நிற்பது தெரியவந்தால் உண்டாகும் பரபரப்புக்கு ஈடில்லை. இதே முறை இருட்டுக்கும் பொருந்தும். பந்தம் பிடித்தவரைச் சுற்றி மட்டும் தாளைத் திறந்து வைக்க வேண்டும்.

குகைகளைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று சொல்ல வேண்டும். ஒரே வாயில், அதன் முடிவில் ஒரே அறை என்று வரையப்படும் குகையில் எல்லாரும் வாயிலில் முட்டிக்கொண்டு, முன்னால் நிற்கும் இருவர் மட்டுமே சண்டையிட, மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். குகைக்கு இரண்டாவது வழி ஒன்று வேண்டும். அது சுற்றிவந்து முதல் வழியோடு சேர்ந்தால் இன்னும் நல்லது. நடைபாதைகளின் அகலத்தையும் எண்ணிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். பத்தடி அகலத்தில் இருவர் அருகருகே நிற்கலாம். ஐந்தடியில் ஒருவர் மட்டுமே. இரண்டுக்கு இரண்டு கட்டம் பிடிக்கும் கரடி அந்த ஐந்தடிக்குள் நுழைய வேண்டுமானால் உடலை ஒடுக்கிக்கொண்டு பாதி வேகத்தில்தான் வர முடியும். துரத்தப்படும் பாத்திரங்களுக்கு அது உயிர் பிழைக்கும் வழி. ஏற்காட்டில் கரடிக் குகை என்றே பெயர் பெற்ற இடம் ஒன்று இருப்பதால், பெயருக்கும் கதைக்கும் நாம் தேடி அலைய வேண்டியதில்லை. அதே வேளையில் ஒரு வேண்டுகோள்: சேர்வராயன் மலை உச்சிக் கோயிலும் குகை அமைப்புக் கொண்டதே, ஆனால் அது மலைவாழ் மக்கள் ஆண்டுதோறும் மே மாதத்தில் திருவிழா எடுக்கும் வழிபாட்டிடம். நிலத்தின் வடிவத்தை எடுத்துக்கொள்வதில் தவறில்லை; மக்கள் கும்பிடும் கருவறையைக் கொள்ளையர் மறைவிடமாக வரைவதை நாம் தவிர்க்கலாம்.

சேலத்தை ஒட்டிய மேக்னசைட் என்னும் வெள்ளைக்கல் சுரங்கங்களைச் சாலையிலிருந்தே பார்த்திருப்பீர்கள். திறந்தவெளியாக வெட்டப்படுவதால் அவை படிப்படியாக இறங்குகின்றன; ஒவ்வொரு படியும் சமதளம், படிக்கும் படிக்கும் இடையே செங்குத்துச் சுவர், அங்கங்கே வண்டி இறங்கும் சாய்வுப் பாதை. உயரத்தை எண்ணால் குறிக்கும் முறையைப் பழகுவதற்கு இதைவிடத் தெளிவான நிலம் கிடைக்காது. சங்ககிரி மலைக்கோட்டை அதற்கு அடுத்த நிலை. 1805இல் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்ட அந்தக் கோட்டையில், மதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மலையைச் சுற்றி ஏறுகின்றன. ஒவ்வொரு மதிலுக்கும் வாசல் உண்டு. முழுக் கோட்டையையும் ஒரே தாளில் அடக்க நினைக்காமல், ஒரு வாசலையும் அதற்கு முன்னும் பின்னும் உள்ள படிக்கட்டுகளையும் மட்டும் ஒரு வரைபடமாக்குங்கள். அடுத்த வாசல் அடுத்த வாரத்துக்கு.

வரையும் முறை பற்றி இனி. முதலில் ஒரு சென்டிமீட்டர் கட்டமிட்ட பள்ளிக் கிராஃப் தாளில் பென்சிலால் சிறிய வரைவு போட்டுக்கொள்ளுங்கள்; அதில் ஒரு சென்டிமீட்டரே ஐந்தடி. இந்த நிலையில் நடக்கக்கூடிய இடம், நடக்க முடியாத இடம் என்ற இரண்டை மட்டும் பிரித்தால் போதும். பிறகு சார்ட் பேப்பரில் அங்குலக் கட்டங்களை மெல்லிய பென்சில் கோடுகளாக இழுத்து, வரைவைக் கட்டத்துக்குக் கட்டம் பெரிதாக்குங்கள். சுவரையும் செங்குத்தையும் கறுப்பு மார்க்கரால் தடிப்பாகவும், மறைப்பு தரும் பொருள்களை நடுத்தரக் கோட்டாலும், வேகத்தைக் குறைக்கும் தரையை வண்ணப் பென்சிலாலும் காட்டி, இந்த மூன்று வழக்கத்தையும் எல்லா வரைபடங்களிலும் மாற்றாமல் வைத்திருந்தால், மூன்றாவது ஆட்டத்திலிருந்து யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். பாறையும் சுவரும் கட்டக் கோடுகளோடு ஒட்டி முடியும்படி வரைவது பல சச்சரவுகளைத் தவிர்க்கும். பாதிக் கட்டத்தில் முடியும் சுவரின் பின்னால் ஆள் நிற்கலாமா என்ற வாதம் சண்டையைவிட நீளமாகிவிடும். மூலைவிட்டமாக நகர்வதையும் ஒரு கட்டம், ஐந்தடி என்றே எண்ணுவது எளிய விதி. உண்மையில் அது ஏழு அடி. இந்த வேறுபாடு உறுத்துபவர்கள் அறுகோணக் கட்டங்களுக்கு மாறலாம், அங்கே ஆறு திசையும் ஒரே தூரம். தொடங்குபவர்களுக்குச் சதுரமே போதும்.

வரைபடத்தின் மேல் கனமான ஒளிபுகும் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுவிட்டால், ஒயிட்போர்டு மார்க்கரால் தீ பரவிய இடத்தையும் இடிந்த சுவரையும் அதன்மேல் குறித்துவிட்டுப் பிறகு துடைத்துவிடலாம். கணினியில் வரைபவர்களுக்குக் கிரிட்டா, கிம்ப், இங்க்ஸ்கேப் ஆகிய மூன்றும் இலவசமாகக் கிடைக்கின்றன. ரோல்20 போன்ற இணைய மேசையில் ஆடுவதானால் அங்கே ஒரு கட்டத்தின் வழக்கமான அளவு எழுபது பிக்சல். நம் 22க்கு 28 கட்ட வரைபடம் 1,540க்கு 1,960 பிக்சல் இருந்தால் பொருந்திவிடும். அச்செடுப்பதானால் அங்குலத்துக்கு நூறு முதல் நூற்றைம்பது பிக்சல் வரை போதும், மேசைமேல் பார்க்கும் படத்துக்கு அதற்கு மேல் தேவையில்லை. வீட்டுப் பிரின்டரில் எடுக்கும்போது ஃபிட் டு பேஜ் என்ற தேர்வை நீக்கி ஆக்சுவல் சைஸ் என்று வைக்க மறக்கக்கூடாது; இல்லையேல் ஓர் அங்குலம் சுருங்கி, நான்கு தாள்களை ஒட்டும்போது கட்டங்கள் ஒன்றோடொன்று சேராது. அடிக்கடி பயன்படும் வரைபடத்தை ஃப்ளெக்ஸ் கடையில் கொடுத்து அடித்துக்கொள்வதும் நல்ல வழி. சுருட்டி வைக்கலாம், தண்ணீர் பட்டாலும் கெடாது.

காய்களுக்குச் செலவு செய்யத் தேவையில்லை. ஒரு ரூபாய் நாணயம் ஓர் அங்குலக் கட்டத்துக்குள் அடங்கும். பத்து ரூபாய் நாணயம் 27 மில்லிமீட்டர் என்பதால் கோட்டைச் சற்றே தாண்டும். கேரம் காய் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் இருப்பதால் நெரிசலான சண்டைக்கு ஒத்துவராது. சட்டைப் பொத்தான்களும் சோழிகளும் கொள்ளையர் கூட்டத்துக்கு மிக ஏற்றவை. ஒவ்வொன்றிலும் ஓர் எண் எழுதி ஒட்டிவிட்டால், யாருக்கு எவ்வளவு காயம் என்பதைக் குறித்துவைக்கலாம்.

ஆடுபவர்கள் பார்க்கும் தாளில் இரகசியங்கள் எதையும் வரையக் கூடாது. மதகின் மறுமுனை, உருளப்போகும் பாறாங்கல், பொறிக்குழி ஆகியவை உங்கள் சிறிய கிராஃப் தாள் வரைவில் மட்டும் சிவப்பு மையில் இருக்கட்டும். ஆனால் அவற்றுக்கான தடயம் பெரிய தாளில் இருக்க வேண்டும். ஓடை ஒரு பக்கம் பாதைக்கு அடியில் புகுந்து மறுபக்கம் வெளிவருவதாகக் காட்டினால், அங்கே ஒரு வழி இருக்கலாம் என்று ஊகிப்பது ஆடுபவரின் வேலை.

எல்லா மோதலுக்கும் இவ்வளவு உழைப்பு தேவையில்லை. ஒரே எதிரி, வெட்டவெளி, ஒளிய இடமில்லை என்றால் வாயால் சொல்லியே முடித்துவிடலாம். இரு தரப்பிலும் ஆள்கள் பெருகி, தூரமும் மறைப்பும் முடிவை மாற்றும் சண்டைகளுக்கு மட்டும் தாளை விரியுங்கள்; ஒரு மாலை ஆட்டத்துக்கு ஒரு நல்ல வரைபடம் தாராளம்.

நண்பர்கள் வருவதற்கு முன் நாணயங்களை வைத்து நீங்களே இரண்டு பக்கமும் இரண்டு சுற்று ஆடிப்பாருங்கள். இரண்டாவது சுற்றின் முடிவில் எல்லாக் காய்களும் ஒரே மூலையில் குவிந்துவிட்டால், தரப்புகள் தொடக்கத்திலேயே மிக நெருங்கி நிற்கின்றன என்று பொருள். பன்னிரண்டு கட்ட இடைவெளி விட்டு மறுபடி வையுங்கள். யாரும் இடத்தைவிட்டு நகராமல் அம்பு விட்டுக்கொண்டே இருந்தால் மறைப்பு அளவுக்கு மிஞ்சிவிட்டது. ஒரு பாறையை எடுத்துவிடுங்கள், அல்லது வண்டிமாடு மிரண்டு தானாக நடக்கத் தொடங்கியது என்று வையுங்கள். தாளின் ஒரு பகுதிக்கு எந்தக் காயுமே போகவில்லை என்றால் அங்கே போவதற்கு ஒரு காரணத்தை வையுங்கள்: கட்டிப்போடப்பட்ட ஒரு வழிப்போக்கர், கொள்ளையரின் தலைவன், பாறாங்கல்லைத் தாங்கி நிற்கும் கயிறு. காரணம் எதுவும் தோன்றவில்லையென்றால் அந்தப் பகுதியைக் கத்தரித்து எடுத்துவிட்டு, அடுத்த வரைபடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.